எடுத்துக்கிட்டேன் என்று ஒரு சொல்

போன வாரம் சதீஷ் போன் செய்தான். அரியலூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த சிமெண்ட் ஆலையின் கண்ட்ரோல் ரூமில் இப்போது ஷிப்ட் பார்ப்பவன். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவன் அவன்தான். உடம்பு எப்படி, சர்க்கரை எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு, ஷிப்ட் மாற்றும் முறையே மாறிவிட்டது என்றான். இப்போதெல்லாம் ஆள் வந்து ஆளிடம் ஒப்படைக்க வேண்டியதில்லையாம். டேப்லெட்டில் விரலை வைத்தால் பச்சை விழுமாம். பச்சை விழுந்தால் கிளம்பிவிடலாமாம். நல்லதுதானேப்பா என்று சொல்லிவைத்தேன். ஆனால் அவன் அழைத்தது அதற்காக இல்லை.

"சார், எங்க வூட்ல வேலைய வுட்டுட்டு ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சிருக்காங்க. வரகு, கம்புல பிஸ்கட் போடுறாங்க. ரெண்டு புள்ளைங்க இருக்கு, எனக்கு ஷிப்ட். நீங்களும் மேடமும் இதையெல்லாம் எப்புடி சார் சமாளிச்சீங்க?"

"நாங்க சமாளிச்சோம்னு ஒனக்கு யாருப்பா சொன்னது?"

சிரித்தான். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஆலையில் வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே சமநிலை காப்பது எப்படி என்று ஒரு வகுப்பு நடத்தினார்களாம், அதில் ஒன்றும் புரியவில்லையாம். எனக்கும் அந்தச் சொல் புரிந்ததில்லை. தராசு என்றால் இரண்டு தட்டையும் ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படிப் பிடிக்க யாருக்கும் கை ஓய்ந்ததில்லை. பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். போனில் சொல்லக்கூடியதாக இல்லாததால் எழுதுகிறேன்.

திருச்சியில் டிப்ளமா முடித்துவிட்டு டிரெய்னியாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் தூசி, கிரீஸ், திட்டு. எல்லா டிரெய்னியும் படும் பாடுதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்பினார்கள். கில்ன் என்று நாங்கள் சொல்வது படுக்கவைத்த ஒரு நீளமான இரும்புச் சூளை. அது சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே சுண்ணாம்புக்கல் தூள் வெந்து கட்டியாகி வெளியே விழும். பொங்கல், தேர்தல், யார் வீட்டுக் கல்யாணம், எதற்கும் அது நிற்காது. கொதிக்கும் சூட்டோடு திடீரென்று நின்றால் அந்த இரும்பே வளைந்துவிடும். அதனால் அதைத் திரையில் பார்த்து நடத்துவதற்கென்று ஒரு நாற்காலி உண்டு. அந்த நாற்காலி காலியாக இருக்கவே கூடாது.

எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் மாசிலாமணி சார். திருமழபாடிக்காரர். நெற்றி நிறைய விபூதி, பேச்சில் அவசரமே கிடையாது. கோபம் வந்தால் கத்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். அவர் துடைக்கத் துடைக்க எதிரில் நிற்பவன் தான் செய்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பான். துடைத்து முடித்து மாட்டிக்கொள்ளும்போது அவர் பேச வேண்டிய தேவையே இருக்காது.

ஷிப்ட் மாறுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வருகிறவன் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். உட்கார்ந்திருப்பவன் எழக்கூடாது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்ல வேண்டும். கோணலாக இருப்பதை முதலில், சரியாக இருப்பதைக் கடைசியில். வருகிறவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, "வேற?" என்று கேட்க வேண்டும். ஏதாவது இருந்தால் சொல்ல வேண்டும். மறுபடியும் "வேற?" ஒன்றுமில்லை என்று வரும்வரை கேட்க வேண்டும். அதன் பிறகு "எடுத்துக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் உட்கார்ந்திருப்பவன் எழலாம்.

புதிதில் ஒருநாள் நான் சீக்கிரமே வந்துவிட்டேன். நாற்காலியில் இருந்த கூட்டாளியிடம், "நீ கெளம்பு, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவனும் எழப் பார்த்தான். பின்னால் மாசிலாமணி சார் கண்ணாடியைக் கழற்றுவது தெரிந்தது. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன சொன்ன அன்பழகா?"

"பாத்துக்கறேன்னு சொன்னேன் சார்."

"எப்ப பாப்ப?"

"இப்பதான் சார்."

"வேல கேட்டு வந்தவன்கிட்டயும் பாத்துக்கறேங்கறோம். பந்தில சாம்பார் கேட்டாலும் பாத்துக்கறேங்கறோம். ரெண்டும் ஒண்ணா? அந்த வார்த்தைய வூட்லயே வச்சுட்டு வா. இங்க எடுத்துக்கிட்டேன்னு சொல்லு. சொன்னதுலேருந்து அது ஒன்னோடது. சொல்லாத வரைக்கும் அவனோடது. நடுவுல யாரோடதும் இல்லாத நேரம்னு ஒண்ணு இருக்கப்படாது."

முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஆலையில் இருந்தேன். வேறு என்ன கற்றேன் என்று கேட்டால் யோசிக்க வேண்டும். இதைக் கற்றேன். வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்று அவர் சொன்ன வார்த்தையை நான் வீட்டிலும் வைக்கவில்லை, அங்கிருந்தும் விரட்டிவிட்டேன்.

என் மனைவி கலைச்செல்வி செட்டிகுளம் பக்கத்துப் பெண். பெரம்பலூர் மாவட்டத்தில் அந்தப் பக்கம் சின்ன வெங்காயம் விளையும். அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராக இருந்தாள். எங்கள் மகள் நிவேதா இரண்டாம் வகுப்புப் படித்தபோது, கலையின் அப்பா வயலோரம் பட்டறை போட்டு மூடி வைத்திருந்த வெங்காயம் மழையில் பாதி அழுகிப்போனது. அதைப் பொறுக்கிப் பிரிக்கப் போனவள் வரும்போதே ஒரு யோசனையோடு வந்தாள். ஓட்டல்காரனுக்குச் சின்ன வெங்காயம் வேண்டும், ஆனால் உரிக்க ஆள் கிடையாது. காற்றை வேகமாக அடித்துத் தோலைப் பறக்கவிடும் ஒரு மெஷின் இருக்கிறது. உரித்து, கெடாமல் பாக்கெட் போட்டுக் குளிரில் வைத்து அனுப்பினால் என்ன? வேலையை விட்டாள். பெரம்பலூரில் ஒரு ஷெட் எடுத்தாள். சொந்தக்காரர்கள் எல்லாம், "வெங்காயம் உரிக்க ஒரு கம்பெனியா?" என்று கேட்டார்கள். அதற்கு ஸ்டார்ட்அப் என்று பெயர் இருப்பது, பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும். அதுவரை நானும் வெங்காயக் கம்பெனி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யாரும் கிடையாது. என் அப்பா ஊரை விட்டு நகர மாட்டார். அவளுடைய அம்மா மகன் வீட்டில். அதனால் என் ஷிப்டை வைத்துத்தான் அவள் கம்பெனி ஓடியது. எனக்குக் காலை ஷிப்ட் என்றால் அவள் மதியத்துக்கு மேல் பெரம்பலூர் போவாள். எனக்கு மதியம் என்றால் அவள் விடியற்காலை முதல் பஸ். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டி, அங்கே நிறுத்திவிட்டுப் பஸ். சென்னையிலிருந்து வந்து பார்க்கிறோம் என்று யாராவது சொன்னால், "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு எனக்குப் போன் போட்டு, "வியாழக்கெழம என்ன ஷிப்ட்டுங்க?" என்று கேட்பாள்.

ஆரம்பத்தில் ஒரு தடவை நிவேதா பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிட்டாள். காலையில் போனில் கலை "பாத்துக்கறேங்க" என்றிருக்கிறாள், நானும் "பாத்துக்கறேன்" என்றிருக்கிறேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம், ஒருவரும் போகவில்லை. வாட்ச்மேன் தன் ஸ்டூலில் அவளை உட்காரவைத்திருந்தார். அன்றே மாசிலாமணி சாரின் முறையை வீட்டில் சொன்னேன். கலை முதலில் சிரித்தாள். ஒரு வாரத்தில் அவரைவிடக் கண்டிப்பாக ஆகிவிட்டாள்.

ஒப்படைப்பது வாசல் கேட்டில்தான் நடக்கும். அவளுடைய ஸ்கூட்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் சொல்ல ஆரம்பிப்பேன்.

"நெத்தி லேசா சுடுது. மதியம் சோறு எறங்கல, தயிர் மட்டும் சாப்புட்டா. கணக்கு நோட்டுல கையெழுத்து போடணும். மோட்டார் ஓடுது, நிறுத்தணும்."

"சூடு, தயிர், கையெழுத்து, மோட்டார். வேற?"

"கேஸ் தீரப் போவுது."

"வேற?"

"ஒண்ணுமில்ல."

"எடுத்துக்கிட்டேங்க. கெளம்புங்க."

நான் கிளம்பிவிடுவேன். நாங்கள் தினமும் வாசலில் நின்று சண்டை போடுவதாகத்தான் எதிர்வீட்டு அம்மா நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கலையைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லியும் இருக்கிறார். நிவேதா கண்ணை மூடிக்கொண்டே யார் டியூட்டி என்று சொல்வாள். வெங்காய வாசனை என்றால் அம்மா, சிமெண்ட் தூசி என்றால் அப்பா.

இந்த முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிள்ளை ஒருநாளும் தனியாக இருந்ததில்லை. ஊசி போடும் நாள் தவறவில்லை, டியூஷன் தவறவில்லை. கம்பெனியும் தட்டுத்தடுமாறி நடந்தது. பெரம்பலூரில் ஒரு காலேஜில் கலையை மேடையில் ஏற்றி, உங்கள் வெற்றிக்குப் பின்னால் யார் என்று கேட்டார்கள். "பின்னாடி யாரும் இல்லீங்க. அவரு வந்ததும் நான் கெளம்பிடுவேன்" என்றாள். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவள் நகைச்சுவை செய்யவில்லை, நடப்பதைச் சொன்னாள். அந்த விழாவுக்கும் நான் போகவில்லை. கதையை வளர்மதி சொல்லித்தான் தெரியும். வளர்மதி கலையின் கம்பெனியில் படிப்பு முடித்த கையோடு சேர்ந்த பெண், இன்று அங்கே எல்லாம் அவள்தான்.

நாங்கள் இருவரும் சேர்ந்து நிவேதா முன்னால் போய் நின்றது இரண்டு முறை. ஒருமுறை என் அப்பா இறந்தபோது அவளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர. இன்னொருமுறை கலையின் அம்மா இறந்தபோது காலேஜ் ஹாஸ்டலுக்கு. ஹாஸ்டல் வாசலில் எங்களைச் சேர்த்துப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது அந்த நாளைச் சொல்ல வேண்டும். சதீஷ் கேட்டதற்குப் பதில் என்று ஏதாவது இருந்தால் அது அந்த நாளில்தான் இருக்கிறது.

நிவேதா ஒன்பதாம் வகுப்பு. டெங்கு வந்து டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காய்ச்சல் விட்டிருந்தது, ஆனால் ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதே நாள் சென்னையிலிருந்து ஒரு பெரிய ஓட்டல் நிறுவனத்தார் பெரம்பலூர் ஷெட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. பல நாள் கெஞ்சிக் கிடைத்த நாள். அவர்கள் எடுத்துக்கொண்டால் கம்பெனி நிற்கும். இல்லாவிட்டால் தை மாதத்தோடு ஷெட்டைப் பூட்டுவது என்று கலை சொல்லியிருந்தாள். எனக்குக் காலை ஷிப்ட். முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் நான் எடுத்துக்கொள்வது, அவள் பெரம்பலூர் கிளம்புவது. கணக்கு சரியாக இருந்தது.

அன்று மதியம் சாலையில் ஒரு லாரி சைக்கிளில் போனவரை இடித்துவிட்டது. ஊர் சனம் மறியலில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை, அவர்கள் உட்கார்ந்ததிலும் தவறில்லை. என்னை மாற்ற வேண்டியவன் வந்த பஸ் அந்தக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. ஷிப்ட் முடிந்தது. நான் நாற்காலியில் இருக்கிறேன். கண்ட்ரோல் ரூமுக்குள் செல்போன் கூடாது. மேசைப் போன் அடித்தது. கலை.

"எங்கங்க இருக்கீங்க?"

"சீட்லதான். ஆள் வரல. மறியல்."

போனில் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் அவளிடம், "அக்கா, நீங்க போயிட்டு வாங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்வதும் கேட்டது. நர்ஸ்.

"என்னங்க, எடுத்துக்கறீங்களா?" என்றாள் கலை.

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும், நீ போம்மா, நான் பாத்துக்கறேன் என்றிருப்பான். சொல்லிவிட்டுப் பிறகு எதையாவது செய்திருப்பான். எனக்கு வாய் வரவில்லை. நான் அங்கே இல்லை. இல்லாத இடத்தில் இருந்து எப்படி எடுத்துக்கொள்வது?

"இல்ல. முடியல" என்றேன்.

"சரிங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

அவள் போயிருக்கலாம். அந்த நர்ஸ் நல்ல பெண், சொன்னபடி பார்த்திருப்பாள். அங்கே படுக்கையில் இருந்த மற்றப் பிள்ளைகளின் தாய்மார் ஒரு சொல் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். ஆனால் பாத்துக்கறோம் என்ற சொல்லை நம்பிப் படியிறங்க கலையால் முடியவில்லை. அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மதிப்பில்லாமல் செய்தது நான்தான். நாங்கள் பழகிய பழக்கம் எங்களையே கட்டிப்போட்டது. வந்தவர்களை நீயே சமாளி என்று வளர்மதிக்குப் போன் செய்து சொன்னாள். வளர்மதி சேர்ந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்தச் சமயத்தில் மாசிலாமணி சார் உள்ளே வந்தார். அவர் அப்போது மேனேஜர், கில்ன் நாற்காலியில் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது. யார் சொன்னார்களோ தெரியாது. வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"சொல்லு" என்றார்.

எழுந்து ஓடு என்பார் என்று நினைத்தேன். "சொல்லு" என்று மறுபடியும் சொன்னார். நான் படபடவென்று சொன்னேன். சூளைக்குள் தூள் இறங்கும் சைக்ளோன்களில் ஒன்றில் அடைப்பு வருவதுபோல இருக்கிறது, காலையில் ஒருதடவை தட்டி விட்டோம். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக.

"வேற?"

"நிலக்கரி ஈரமா வருது சார்."

"வேற?"

"சார், புள்ள ஆஸ்பத்திரில இருக்கு."

"தெரியும். வேற?"

அந்த நேரத்தில் அவர்மேல் வந்த கோபம்போல எனக்கு யார்மேலும் வந்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வெந்த கட்டியை ஆற்றும் கூலரில் ஒரு விசிறி அதிருகிறது என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவசரத்தில் அதை விட்டுவிட இருந்தேன் என்று. மறுபடி ஒருதடவை "வேற?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கண்ணை மட்டும் ஒருமுறை தேய்த்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

"எடுத்துக்கிட்டேன். எழுந்திரி. மெதுவா போ."

வண்டியை எடுத்துக்கொண்டு மறியலைச் சுற்றி முந்திரிக்காட்டு வழியாக, மண்பாதையிலும் ஓடையிலும் விழுந்து எழுந்து டவுனுக்கு வந்து சேர்ந்தேன். வார்டு வாசலில் கலை பையைத் தோளில் மாட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது.

"மதியம் மறுபடி ரத்தம் எடுத்தாங்க, இன்னும் சொல்லல. பல்லு தேச்சப்ப ஈறுல லேசா ரத்தம் இருந்துச்சு, டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். எளநி பாதி குடிச்சா. எழுந்து நடக்க வுடாதீங்க."

"ரத்தம், ஈறு, எளநி, நடக்கப்படாது. வேற?"

"வேற ஒண்ணுமில்லங்க."

"எடுத்துக்கிட்டேன்."

கட்டிலிலிருந்து நிவேதா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் என்ன கில்னா?" என்றாள்.

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் இங்க இருங்களேன். ஒருத்தர் வந்தா ஏன் ஒருத்தர் போயிடறீங்க?"

கலை என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போது ஓடினால் சென்னைக்காரர்கள் கிளம்புவதற்குள் பிடித்துவிடலாம் என்று இருவருக்கும் தெரியும். கலை குனிந்து அவள் நெற்றியில் கை வைத்தாள். "வந்துடறேன்டி" என்றாள். போய்விட்டாள். படியில் அவள் செருப்புச் சத்தம் வேகமாக இறங்கியது.

அவள் போய்ச் சேர்வதற்குள் சென்னைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். வளர்மதி எல்லாவற்றையும் காட்டியிருக்கிறாள், நன்றாகத்தான் காட்டியிருக்கிறாள். ஆனால் முதலாளியே வராத இடம் என்று அவர்கள் ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டார்கள். கலை திரும்பி வந்தபோது சாயங்காலம். நான் எழுந்து நின்று, தட்டணு ஏறத் தொடங்கிவிட்டது, ஈறில் ரத்தம் நின்றுவிட்டது என்றேன். அவள் திருப்பிச் சொன்னாள், எடுத்துக்கிட்டேன் என்றாள். நான் வீட்டுக்குக் குளிக்கக் கிளம்பினேன். நிவேதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் அப்படி எதையும் எங்களிடம் கேட்டதில்லை.

அந்தத் தை மாதம் கலை ஷெட்டைப் பூட்டவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பூட்டறதுக்கு நேரமில்லங்க" என்றாள். திருச்சி மெஸ்களுக்குப் போட்டாள், கல்யாண மண்டபங்களுக்குப் போட்டாள். மெதுவாக வேறு ஊர் ஓட்டல்கள் வந்தன. இன்று அந்த ஷெட் மூன்று ஷெட்டாகியிருக்கிறது. நிவேதா படித்து முடித்து ஓசூரில் வேலையில் இருக்கிறாள். போன் செய்தால் கோணலை முதலில் சொல்லுவாள், நல்லதைக் கடைசியில் சொல்லுவாள். முடிந்ததும், "வேற?" என்பாள். ஒன்றுமில்லை என்றால் வைத்துவிடுவாள். பிள்ளையைச் சரியாகத்தான் வளர்த்திருக்கிறோம்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. கலை கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். வீட்டு நாற்காலி எனக்கு நிரந்தரமாகிவிட்டது. ஆனால் ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஸ்கூட்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டால் நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். பால் வாங்கியாச்சு, மோட்டார் போட்டாச்சு என்று அவளிடம் சொல்வேன். அவளும் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே தலையை ஆட்டி, "எடுத்துக்கிட்டேங்க" என்பாள். நான் கிளம்பிவிடுவேன். எங்கே? தெருவில் நடப்பேன். பஸ் ஸ்டாண்டு வரை போவேன். ஒரு டீ குடிப்பேன். எனக்கு ஷிப்ட் இல்லை என்பது பாதி வழியில் நினைவுக்கு வரும். திரும்பி வரும்போது அவள் தூங்கியிருப்பாள், அல்லது லேப்டாப்பில் இருப்பாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் ஒரே நேரத்தில் ஒரே வீட்டில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மிகக் குறைவு. இப்போது அதற்கு எப்படி உட்கார்வது என்றே தெரியவில்லை. சமநிலை பற்றி வகுப்பு எடுப்பவர்கள் இதற்கு ஒரு பாடம் வைத்திருந்தால் நான் போய் முதல் பெஞ்சில் உட்காருகிறேன்.

கலைக்கும் முழங்கால் வலி வந்துவிட்டது. கம்பெனியை முழுக்க வளர்மதியிடம் விட்டுவிடுவது, மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். நேற்றுதான் அந்த நாள். காலையில் போனவள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டாள்.

ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. சட்டையை மாட்டினேன், செருப்பைப் போட்டேன், கேட்டுக்கு வந்தேன்.

"கேஸ் வந்துச்சு. கரண்ட்டு போயி வந்துச்சு. ரசம் வச்சிருக்கேன், உப்பு கம்மி."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். சட்டை, செருப்பு, பையில் வைத்த சாவி.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?"

இந்தக் கேள்வியை அவள் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"நீ வந்துட்டல்ல" என்றேன்.

"வந்தா?"

அவள் வண்டியை உள்ளே தள்ளி ஸ்டாண்டு போட்டாள். கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.

"நான் எதையும் எடுத்துக்க வரலங்க. உள்ள வந்து உக்காருங்க."

உட்கார்ந்தோம். அவள் நாற்காலியில், நான் எதிரில் கட்டில் ஓரத்தில். மின்விசிறி சுற்றியது. வளர்மதி என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு, நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கறேன்னா."

"நீ?"

"எழுந்திரிக்கல. அப்பறம் அவளே புரிஞ்சுக்கிட்டுச் சொன்னா. அதுக்கப்பறம்தான் எழுந்தேன்." முழங்காலைத் தடவிக்கொண்டே, "எழுந்து வாசலுக்கு வந்தா, கால் எங்க போறதுன்னு தெரியாம நின்னுச்சுங்க" என்றாள்.

அவளுக்கும் அப்படித்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதில் ஒரு ஆறுதல் இருந்தது. ரசத்தைக் கொண்டுவந்து, உப்புப் போட்டுக் கலக்கி, சேர்ந்து சாப்பிட்டோம்.

கை கழுவிவிட்டு வரும்போது நிவேதாவின் வீடியோ கால். மதிய இடைவேளையில் தினமும் என்னைக் கூப்பிடுவாள். போனை எடுத்து நிமிர்த்தினேன். கலை பக்கத்தில் வந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். திரையில் நிவேதா டிபன் பாக்ஸைத் திறந்தபடி தலையை நிமிர்த்தினாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். கையில் எடுத்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாருக்கு என்னாச்சு?" என்றாள்.

அவளுக்குப் பின்னால் ஆபீசில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. என் முகத்தை விட்டு அம்மாவின் முகத்தைத் தேடினாள்.

"அம்மா, உண்மையச் சொல்லு. ரெண்டு பேரும் ஏன் ஒண்ணா இருக்கீங்க?"

கலை என் கையிலிருந்து போனை வாங்கித் தன் முகத்தருகே வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடி," என்றாள். "சும்மா உக்காந்திருக்கோம்."